சந்திரமௌலி குருக்கள் லேண்ட்ரோவர் வாங்கினது

மொரீஷியஸில் ஒரு குருக்கள் வண்டி வாங்கினால் அது எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஓர் எண்ணம் உண்டு. சின்னதாக ஒரு கார். வெள்ளையாக இருந்தால் ரொம்ப நல்லது. பின் சீட்டில் பூக்கூடை வைக்கலாம், கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தினால் பார்க்க மரியாதையாக இருக்கும். சேன் பியேர் தாண்டி, கரும்புக்கு நடுவே இருக்கிற அந்த முருகன் கோயில் கமிட்டிக்காரர்களும் சந்திரமௌலி குருக்களுக்கு அப்படி ஒரு காரைப் பார்த்து வைத்திருந்தார்கள். மனுஷர் என்ன செய்தார் தெரியுமோ? கரும்புக் கம்பெனி இருபத்திரண்டு வருஷம் போட்டு உலுக்கிவிட்டு ஓரம் கட்டின ஒரு லேண்ட்ரோவரைப் போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

பச்சைப் பெயிண்ட் பாதி உரிந்து போயிருந்தது. மேலே கித்தான் கூரை. இடது பக்கத்துக் கதவைச் சாத்தினால் சாத்தாது, தூக்கிப் பிடித்து இடுப்பால் ஒரு இடி கொடுக்க வேண்டும். அது கோயில் வாசலில் வந்து நின்றபோது கமிட்டித் தலைவர் வெளியே ஓடி வந்து, "ஆயோ!" என்றார். அந்த ஊரில் யாருக்கு எது நடந்தாலும் ஆயோதான், வெள்ளைக்காரன்கூட ஆயோ என்றுதான் சொல்வான். இது 1984 ஜூலையில் நடந்தது.

வண்டி வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. குருக்கள் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்து ஆறு வருஷமாகிறது. வந்த புதிதில் யார் வீட்டில் பூஜை என்றாலும் ஒருவர் காரோடு வந்து கூட்டிக்கொண்டு போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அதெல்லாம் துணி ஆலைகள் வருவதற்கு முன்னால். இப்போது பெண்கள் விடிவதற்குள் ஆலை வேனில் ஏறிவிடுகிறார்கள், ஆண்கள் கடற்கரை ஹோட்டல்களுக்குப் போய்விடுகிறார்கள். கையில் காசு புரள்கிறது, வீட்டுக்கு வீடு கிருஹப்பிரவேசம் நடக்கிறது, குருக்களைக் கூட்டிப்போகத்தான் ஆள் இல்லை. ஹோமச் சாமான் பையோடு பஸ் நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் நிற்பார். போதாக்குறைக்கு, வெள்ளிக்கிழமைதோறும் கரும்புக் காட்டுக்குள் இருக்கிற சின்ன மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் போக வேண்டும். மழை பெய்தால் அந்தப் பாதையில் முழங்கால் வரை சேறு.

ஆனாலும் இந்த வண்டியா? அதைத்தான் கோயில் காரியதரிசி விஸ்வமும் கேட்டார்.

விஸ்வம் அந்த ஊர்த் தமிழர். போர்ட் லூயிஸில் சர்க்கார் உத்தியோகம். வீட்டில் கிரியோல் பேசுவார், ஆபீசில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசுவார், தேவாரத்தை மனப்பாடமாகச் சொல்லுவார். தமிழில் பேச ஆரம்பித்தால்தான் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து வைப்பார். குருக்களுக்குக் கிரியோல் சுத்தமாக வராது. அதனால் கடை, ஆஸ்பத்திரி, போலீஸ் என்று எங்கே போனாலும் விஸ்வம்தான் வாயும் காதும். அந்த ஜூலை சனிக்கிழமை ஃபிலிப்பின் கராஜுக்கும் அவர்தான் கூட வந்தார்.

ஃபிலிப் நேர்மையான மெக்கானிக். விற்க வேண்டிய வண்டியின் குறைகளை அவனே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். உடம்பு அலுமினியத் தகடு, துருப் பிடிக்காது, அதைப் பார்த்து மயங்காதே என்றான். அடியில் இருக்கிற சட்டம் இரும்பு, அதைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கீழே படுத்து, சுத்தியலால் முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக் காட்டினான். கணீர் என்று கேட்டால் நல்ல இரும்பு. இரண்டு இடத்தில் சொத்தென்று கேட்டது. அங்கே வெட்டி ஒட்டித் தருகிறேன் என்றான். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு விஸ்வத்திடம் ஏதோ நீளமாகச் சொன்னான்.

"என்ன சொல்றான்?" என்றார் குருக்கள்.

"சாமி, இது ஞாயிற்றுக்கிழமை மான் வேட்டைக்குப் போற வண்டியாம். தினமும் போக நல்லா இல்ல. முதுகு வலிக்கும். சத்தம். உள்ள பேச முடியாது, கேக்காது."

"பேச முடியாதா?"

"முடியாது சாமி."

குருக்கள் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஃபிலிப் சாவியைத் திருப்பினான். இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டதும் வண்டி முழுக்க ஆடியது. உள்ளங்காலிலிருந்து ஏறி முழங்கால், இடுப்பு, பல் எல்லாம் ஆடியது. ஐந்து மாதத்தில் அவர் உடம்புக்கு ஏதோ ஒன்று தெரிந்தது அப்போதுதான்.

"இதுவே இருக்கட்டும்" என்றார்.

விஸ்வத்தின் முகம் செத்துப் போயிற்று. "சாமி, அந்தப் பணம்..." என்று ஆரம்பித்து மென்று விழுங்கினார். என்ன பணம் என்று அவருக்குத் தெரியும். குருக்களின் மனைவி அம்புஜத்தையும் மகள் சீதாவையும் இங்கே கூட்டிக்கொண்டு வர, விமான டிக்கெட்டுக்காகச் சேர்த்து வைத்த பணம்.

"அம்புஜத்துக்கு இனிமே எதுக்கு டிக்கெட்?" என்றார் குருக்கள். குரலில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. பஸ் போய்விட்டதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். "சீதாவும் வரப்போறதில்லே."

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் தைப்பூசத்துக்குக் கொடியேற்றி, குருக்கள் கையில் காப்புக் கட்டிய இரண்டாம் நாள், ஊரில் அம்புஜம் காலமானாள். நெஞ்சு வலி, ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் கோயில் விலாசத்துக்குத் தந்தி வந்தது. வாங்கியவர் விஸ்வம். பிரித்துப் படித்தார், அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். முந்நூறு காவடி பதிந்திருக்கிறது. ஊர் முழுக்க விரதம். குருக்களிடம் சொன்னால் தீட்டு, தீட்டு வந்தால் பூஜை நின்றுவிடும், வேறு குருக்களுக்கு எங்கே போவது? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எட்டு நாள் திரிந்தார். குருக்கள் அபிஷேகம் செய்தார், பக்தர்களின் கன்னத்தில் வேல் குத்தினார், சிரித்தார், சர்க்கரைப் பொங்கலில் நெய் போதாது என்று சண்டை போட்டார். பதினோராம் நாள் காப்பு அவிழ்த்த பிறகு விஸ்வம் தந்தியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

குருக்கள் படித்தார். மேலே அச்சடித்திருந்த தேதியையும் படித்தார். "சரி" என்றார். கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தார். அவர் அனுப்பிய பதில் தந்தி, ஊரில் பத்தாம் நாள் காரியமும் முடிந்த மறுநாள் போய்ச் சேர்ந்தது.

மார்ச்சில் சீதாவிடமிருந்து கடிதம் வந்தது. பதினேழு வயதுப் பெண், தாய்மாமா வீட்டில் இருக்கிறாள். 'நான் தர்ப்பைப் புல்லை எடுத்துக் கொடுத்தேன், மாமாதான் எல்லாக் காரியமும் பண்ணினார். தந்தி கொடுத்து ஒன்பது நாள் வாசலையே பார்த்தேன். அத்தனை நாளும் ஒரு வரி பதில் போடக்கூட உங்களுக்கு நேரமில்லை. உங்களுக்கு உங்கள் முருகனே போதும். இனிமேல் எனக்கு எழுதாதேங்கோ.' அவ்வளவுதான் கடிதம். அதற்குப் பிறகு அவர் மூன்று கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

தந்தியை எட்டு நாள் மறைத்துவிட்டார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் மகள் மனசு மாறியிருக்கும். அதை எழுதத்தான் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தார். 'எனக்குத் தெரியாதம்மா' என்று எழுதியதும் பேனா நின்றுவிடும். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்வார். பதிலைத் தேட வேண்டியதே இல்லை, கேட்டு முடிப்பதற்குள் வந்து நிற்கும். காப்புக் கட்டியவனுக்குத் தீட்டுக் கிடையாது. சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது, விஸ்வத்துக்குத்தான் அது தெரியவில்லை. காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டவும் கூடாது. தந்தியை அன்றைக்கே கையில் கொடுத்திருந்தாலும் குருக்கள் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு உள்ளே போய் அபிஷேகத்தைத்தான் பார்த்திருப்பார். இது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, சௌக்கியமா, இங்கே மழை என்று வேறு கடிதம் எழுதுவார்.

அன்றிலிருந்து மனுஷர் மரத்துப் போனார். அழவில்லை, யாரிடமும் கத்தவில்லை. உப்புப் போடாத ரசத்தை ஒரு வாரம் சாப்பிட்டார், கோயில் சமையல்காரர்தான் கண்டுபிடித்தார். மந்திரம் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. ஊருக்குத் திரும்பிப் போகலாம்தான். போனால் மனைவி இல்லாத குருக்களை மூலஸ்தானத்துக்குள் விடமாட்டார்கள், மடப்பள்ளியில் தேங்காய் துருவ வேண்டியதுதான். இங்கே அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஒப்பந்தத்தில் இன்னொரு மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார். வண்டி வாங்கினார்.

ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் விஸ்வம்தான். வேறு யார் செய்வார்கள்? தினம் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் கரும்பு வெட்டி முடித்த வயலுக்கு வண்டியைக் கொண்டுபோவார்கள். முதல் கியரும் இரண்டாவது கியரும் லேசில் விழாது. கிளட்சை ஒரு தரம் மிதித்து விட்டு, மறுபடி மிதித்துத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் கர்ரென்று ஊரையே கூட்டும். "ரெண்டு தரம் சாமி, ரெண்டு தரம்!" என்று விஸ்வம் கத்துவார். நாற்பத்தெட்டு வயசில் குருக்கள் கற்றுக்கொண்டார். பரீட்சையில் முதல் தடவை தோற்றார், செப்டம்பரில் தேறினார். ஊரில் யார் புது வேன் வாங்கினாலும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போடுகிறவர், தன் வண்டிக்குப் போட்டுக்கொள்ளவில்லை. கமிட்டியில் யாரோ ஞாபகப்படுத்தினார்கள். "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார்.

பிறகு அந்த வண்டியைப் பார்க்காத கிராமம் இல்லை. திறந்த மார்பும் விபூதியுமாக ஒருவர் ஜன்னல் வழியே முழங்கையை நீட்டிக்கொண்டு, பின்னால் ஹோமச் செங்கலும் பால் கேனும் தடதடவென்று குதிக்க, மேட்டில் ஏறி வருவார். ஆலை வேனில் போகிற பெண்கள் கை காட்டிச் சிரிப்பார்கள். மழை நாளில் கித்தான் ஒழுகி நேராகத் தொடையில் சொட்டும். மாரியம்மன் கோயில் பாதையில் சேறு வந்தால் மஞ்சள் குமிழை அமுக்குவார், நாலு சக்கரமும் பிடித்துக்கொண்டு வண்டி உறுமியபடி ஏறிவிடும். ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. முதுகு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

விஸ்வம் வெள்ளிக்கிழமைகளில் கூடவே வருவார். வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை, வராதே என்றும் யாரும் சொல்லவில்லை. போக வர அரை மணி நேரம் இருவரும் முன்னால் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் குலுங்கிக்கொண்டு போவார்கள். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்து திரும்புகிற வழியில், கரும்புக்கு நடுவில் விஸ்வம் சட்டென்று கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். வண்டி நின்றது. திடீரென்று காற்றில் கரும்பு சலசலக்கிறது எல்லாம் கேட்டது.

"என்ன விஸ்வம்?"

விஸ்வம் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "உங்க மகளுக்கு நான் எழுதினேன். நாலு நாள் எழுதினேன். விலாசம் எனக்குத் தெரியாது. கொடுங்க சாமி."

குருக்கள் வாங்கிப் படித்தார். பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து மாதிரி பெரிசு பெரிசாக இருந்தது. 'அன்புள்ள சீதா அவர்களுக்கு. நான் கோயில் காரியதரிசி விஸ்வம். உங்கள் தாயார் இறந்த தந்தி என்னிடம் வந்தது. நான் எட்டு நாள் பையில் வைத்தேன். உங்கள் தகப்பனாருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. தப்பு என்னுடையது, அவர் மேல் இல்லை. அவர் நல்லவர். இப்போது அவர் சிரிப்பது இல்லை. தயவுசெய்து அவருக்குக் கடிதம் எழுதவும்.'

அதில் பொய் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. அந்த இடத்தில் குருக்கள் வாயைத் திறந்து, கொடுத்திருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன் விஸ்வம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்தக் கடிதம் போகாது. கடிதம் போனால் மகள் கிடைப்பாள். அவருக்கு மகள் வேண்டும். டாஷ்போர்டில் வைத்து, அடியில் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை, மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்ப வண்டியில் ஏறி உட்கார்ந்தாயிற்று. தபால்காரர் ஜன்னல் வழியே கொடுத்துவிட்டுப் போனார். விஸ்வம் உறையைப் பார்த்ததுமே கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

'அப்பா, விஸ்வம் மாமா லெட்டர் வந்தது. ரெண்டு நாள் அழுதேன். உங்களை என்னவெல்லாம் நினைச்சுட்டேன். மன்னிச்சுடுங்கோ. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா போட்டது போட்டபடி ஓடி வந்திருப்பேள், அது எனக்கு இப்போ தெரியறது. அம்மாவும் அன்னிக்கு ராத்திரி நினைவு தப்பற வரைக்கும் அதையேதான் சொல்லிண்டிருந்தா, அப்பாவுக்குத் தந்தி கொடுங்கோ, வந்துடுவார், வந்துடுவார்னு. பரீட்சை முடிஞ்சதும் நான் அங்கே வரேன். உங்களுக்கு நானே சமைச்சுப் போடறேன்.'

"என்ன சாமி? என்ன எழுதியிருக்கா?"

"வரேன்னு எழுதியிருக்கா."

விஸ்வம் குழந்தை மாதிரி அழுதார். இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். பத்து மாதமாக அவர் சரியாகத் தூங்கியதில்லை. குருக்கள் அவர் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"விஸ்வம், ஒண்ணு கேளுங்கோ. காப்புக் கட்டினவனுக்குத் தீட்டே கிடையாது."

விஸ்வத்துக்குப் புரியவில்லை. குருக்கள் மறுபடி, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். நீங்கள் தந்தியை அன்றைக்கே கொடுத்திருந்தாலும் பூஜை நின்றிருக்காது. நான் குளித்துவிட்டு உள்ளே போயிருப்பேன். முந்நூறு காவடியும் ஏறியிருக்கும். ஊருக்கு ஒரு தந்தி மட்டும் அடித்திருப்பேன், போயிருக்கமாட்டேன்.

"நான்... அப்போ நான் எதுக்கு..." விஸ்வத்துக்குத் தமிழ் கிடைக்கவில்லை. கிரியோலில் ஏதோ சொன்னார். அதுவும் பாதியில் நின்றது.

குருக்கள் பையிலிருந்து ஏர்மெயில் தாளை எடுத்தார். இறங்கிப் போய் வண்டியின் மூக்கில் வைத்து நின்றபடியே எழுதினார். எழுதிவிட்டு விஸ்வத்துக்குப் படித்துக் காட்டினார். 'சீதா, விஸ்வம் எழுதினது அத்தனையும் நிஜம். நீ எழுதினதில் ஒரு வரி தப்பு. எனக்குத் தெரிந்திருந்தாலும் நான் வந்திருக்கமாட்டேன். கையில் காப்பு இருந்தது. அம்மா என்னை நம்பினாள், நான் அப்படிப்பட்டவன் இல்லை. இதைத் தெரிந்துகொண்டும் உனக்கு வரத் தோன்றினால் வா. அப்பா.'

"வேண்டாம் சாமி!" விஸ்வம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இதுவரைக்கும் அவரைத் தொட்டதில்லை. "குழந்தை வர்றா. வரட்டும். வந்த பிறகு சொல்லுங்க. மாயெபூர் ஏர்போர்ட் போய்க் கூட்டி வரலாம், வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அப்புறம் சொல்லுங்க."

"வந்தப்புறம் சொன்னா, ஏமாத்தி வரவழைச்சதா ஆயிடும்."

"வரமாட்டா சாமி. இதப் படிச்சா வரமாட்டா."

"தெரியறது" என்றார் குருக்கள்.

சேன் பியேர் தபாலாபீசுக்கு அவரே ஓட்டிக்கொண்டு போனார். விஸ்வம் வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார், இன்ஜின் இரைச்சலில் உதடு அசைகிறதுதான் தெரிந்தது. குருக்கள் இறங்கினார். தபால் பெட்டியின் வாயில் கடிதத்தை வைத்து, ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்று, விட்டார். திரும்பி வந்து ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். கியர் விழவில்லை. மறுபடி மிதித்தார். கை கியர்க் கம்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. "வந்துடுவார்னு சொன்னாளாம் விஸ்வம்" என்றார். "வந்துடுவார்னு சொல்லிண்டே இருந்தாளாம்." ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்க, அம்புஜம் போய்ப் பத்து மாதத்துக்குப் பிறகு வாய்விட்டு அழுதார்.

விஸ்வம் இறங்கி, முன்னால் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். "நகருங்க சாமி, நான் ஓட்டுறேன்" என்றார். மாரியம்மன் கோயிலுக்கு அன்றைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.